தொட்டால் பேசும் ஓவியப் பலகை: செய்முறை

பார்வையற்றவர்கள் ஓர் ஓவியத்தை விரலால் தடவியும் காதால் கேட்டும் அறிந்துகொள்ள உதவும் பலகை ஒன்றைச் செய்யும் வழி இது. பலகை 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். மேலே புடைப்பு வடிவங்கள், அவற்றின் நடுவே பத்துப் பித்தளைத் திருகுகள். ஒரு திருகை இரண்டு முறை தட்டினால், அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு குரல் தமிழில் சொல்லும். கீழ் ஓரத்தில் பிரெய்ல் (விரலால் படிக்கும் புள்ளி எழுத்து) குறிப்பு. சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) செய்யத் தெரிந்த ஒருவரும் கத்தியை நேராகப் பிடித்து வெட்டத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் மூன்று வாரத்தில் முடிக்கலாம். அதில் பாதி நாட்கள் சோதனைக்கும் திருத்தத்துக்குமே போகும். அந்த நாட்களைக் குறைக்காதீர்கள்.

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகம் 2015-இல் தன் ஓவியங்களில் ஆறைப் புடைப்பாக அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் தொடலாம் என்று வைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே நம் நாட்டில் இதைவிடப் பெரிய காரியம் நடந்திருக்கிறது. சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1950-களின் பிற்பகுதியில் பார்வையை முழுதாக இழந்தார். அதன் பிறகு காகிதத்தை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார். 1972-இல் சாந்திநிகேதனின் கலைக்கல்லூரியான கலாபவனத்தின் சுவரில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய படைப்பையும் முடித்தார். அந்தக் காகித வெட்டுகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கொஞ்சம் வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் கையில் பிடிபடும் ஓரம். பலகையில் நமக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் ஆள்

பார்வையற்ற ஒருவரை முதல் நாளிலேயே கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்தபின் "ஒரு தடவை தொட்டுப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கூப்பிட்டால், பசை காய்ந்த பலகையில் அவர் சொல்லும் எதையும் திருத்த முடியாது. நாளுக்கு இவ்வளவு என்று பேசி ஊதியம் கொடுங்கள். ஆட்டோ செலவு தனி. முடிந்தால் இருவர்: பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர், வளர்ந்தபின் பார்வை இழந்த ஒருவர். தூரத்தில் இருப்பதைச் சின்னதாக வரைவார்கள் என்பது இரண்டாமவருக்கு நினைவில் இருக்கும். முதலாமவருக்கு அது யாராவது சொல்லித் தெரியவேண்டிய வழக்கம். சின்ன வீடு அவர் கைக்குச் சின்ன வீடுதான்.

நாமே கண்ணைக் கட்டிக்கொண்டு சோதித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பழகாத விரல் தப்பாகச் சொல்லும். தவிர, நீங்கள் அந்த ஓவியத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். விரல் தடுமாறும் இடத்தையெல்லாம் நினைவு நிரப்பிவிடும்.

ஓவியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவில் ஒரு படைப்பை இலாப நோக்கின்றி மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் அந்த விலக்கு அவர்கள் பயன்பாட்டை ஒட்டியது. பொதுக் கண்காட்சியில் எல்லாரும் தொடும் பலகைக்கு ஓவியரின் கையெழுத்து இருப்பதே நல்லது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று கேட்கவும் அந்தச் சந்திப்பு உதவும்.

ஓவியத்தைக் குறைப்பது

கண் ஒரு படத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு பிறகு பகுதிகளுக்குப் போகும். கை பகுதி பகுதியாகச் சேர்த்துத்தான் மொத்தத்துக்கு வரும். அதனால் ஓவியத்தில் உள்ளதில் முக்கால் பங்கைப் பலகையில் விட்டுவிட வேண்டியிருக்கும். விட்டதைக் குரல் சொல்லும்.

உதாரணத்துக்கு ஓர் ஓவியத்தை எடுத்துக்கொள்வோம்: தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெரு. இடப்பக்கம் லாரியின் பின்புறம், அதிலிருந்து தொங்கும் குழாய். நடுவில் பதினான்கு பிளாஸ்டிக் குடங்கள். வலப்பக்கம் கவிழ்த்த குடத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். பின்னால் மாடி வீடுகள், மின்கம்பிகள்.

வீடுகளும் கம்பிகளும் போகட்டும். பதினான்கு குடத்தையும் வைத்தால் மேடு மேடாக ஒரு வரிசைதான் கைக்குத் தெரியும், எதுவும் குடமாகத் தெரியாது. ஐந்து போதும், ஒவ்வொன்றும் 7 செ.மீ. உயரம். இப்போது அந்தக் குடத்தைக் கவனியுங்கள். ஓவியர் அதைச் சற்று மேலிருந்து பார்த்து வரைந்திருப்பார். வாய் ஒரு நீள்வட்டமாக இருக்கும். கைக்கு அந்த நீள்வட்டம் குடத்தின் வாய் ஆகாது. அது கழுத்தில் ஒட்டிய ஏதோ ஒரு வில்லை, அவ்வளவுதான். குடத்தைப் பக்கவாட்டுத் தோற்றமாக மாற்றி, வயிறு, இடுங்கிய கழுத்து, விரிந்த விளிம்பு என்று வெட்டினால் தினமும் குடம் தூக்கிய கை சட்டென்று பிடித்துக்கொள்ளும். இது ஓவியரின் கோணத்தை மாற்றும் முடிவு. அதை நீங்கள் தனியாக எடுக்காமல் கூட்டாளியையும் ஓவியரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து எடுங்கள்.

விரலுக்குச் சில கணக்குகள் உண்டு. இரண்டு கோடுகளுக்கு நடுவே 3 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், அதற்குக் குறைந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். 6 மி.மீ.-க்குச் சிறிய எந்த உருவமும் தனி உருவமாகப் பிடிபடாது. இரண்டு அடுக்குகளின் உயர வித்தியாசம் 1 மி.மீ.-க்குக் குறையக்கூடாது. ஒன்றன்மேல் ஒன்று வரும் பொருட்களில், முன்னால் இருப்பதைச் சுற்றி 3 மி.மீ. பள்ளம் விடுங்கள், இல்லாவிட்டால் பெண்ணின் கை எங்கே முடிகிறது, முழங்கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

மேற்பரப்பு வகைகள் நான்கு போதும், ஐந்துக்கு மேல் வேண்டாம். லாரிக்கு வழவழப்பான அக்ரிலிக், சேலைக்குப் பருத்தித் துணி, தரைக்கு உப்புத்தாள், குழாய்க்கு நிஜமான ரப்பர் குழாயைப் பாதியாகப் பிளந்து ஒட்டியது. உப்புத்தாளில் 80, 120 என்று இரண்டு ரகம் போட்டு வித்தியாசம் காட்ட முயலாதீர்கள். முரட்டு ரகமே வேண்டாம். பிரெய்ல் படிக்கும் விரல் நுனியைத் தேய்க்கிற எதுவும் இந்தப் பலகையில் இருக்கக்கூடாது. 220 அல்லது அதைவிட நைசான தாள் போடுங்கள்.

வெட்டுவதற்கு முன் வெறும் அட்டையில் முழு அளவில் மாதிரி செய்து கூட்டாளியிடம் கொடுங்கள். வாயைத் திறக்காமல் அவர் கை எங்கே நிற்கிறது, எங்கே திரும்பி வருகிறது என்று பாருங்கள். ஒரே இடத்துக்கு மூன்றாவது தடவை திரும்பினால் அந்த இடம் சரியில்லை.

புடைப்பு வேலை

அடிப்பலகை 9 மி.மீ. பிளைவுட். அதன்மேல் வடிவங்களை 3 மி.மீ. எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகையில் லேசர் கட்டிங் கொடுத்து வெட்டுங்கள். சன்போர்டு (நுரைப் பலகை) மலிவு, கத்தியிலேயே வெட்டலாம். ஆனால் ஒரு வாரத்தில் நகம் பட்டு ஓரமெல்லாம் நசுங்கிவிடும். ஒருநாள் பட்டறைக்கு மட்டும் அது சரி. வெட்டிய ஓரங்களை அரம் போட்டு மழுக்குங்கள். ஃபெவிகால் தடவி, செங்கல்லோ புத்தகக் கட்டோ ஏற்றி இரவு முழுக்க விடுங்கள்.

குடத்தின் வயிறு தட்டையாக இருந்தால் குடம் ஆகாது. எம்-சீல் என்ற எபாக்ஸி மாவின் இரண்டு உருண்டைகளையும் சம அளவில் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, எம்டிஎஃப் குடத்தின் மேல் கவிழ்த்த கிண்ணம்போல் வைத்து, ஈரக்கையால் வழியுங்கள். ஒருநாள் காயட்டும். பிறகு உப்புத்தாள். உச்ச உயரம் பலகையிலிருந்து 12 மி.மீ.-க்குள் இருந்தால் கை தடங்கலில்லாமல் ஓடும்.

வண்ணம் அவசியம். பார்வையற்றவர்கள் என்று நாம் சொல்லும் பலருக்கு ஒளியும் நிறமும் கொஞ்சம் தெரியும். வெளிர்த் தரைமேல் அடர் நிறக் குடம் என்று பளிச்சென்ற வேறுபாடு கொடுங்கள். மேல்பூச்சு மேட் வார்னிஷாக இருக்கட்டும். பளபளப்பு போட்டால் விளக்கு வெளிச்சம் பட்டுக் கண் கூசி, மிச்சமிருக்கும் பார்வையும் பயன்படாமல் போகும்.

மின்னணு வேலை

வேண்டியவை: ஈஎஸ்பி32 போர்டு (நிரல் ஓடும் சிறு கணினி) ஒன்று, எம்பிஆர்121 தொடு உணரி போர்டு ஒன்று, டிஎஃப்பிளேயர் மினி (கார்டில் உள்ள ஒலிக்கோப்பை ஒலிக்கவைக்கும் சிறு போர்டு) ஒன்று, மைக்ரோ எஸ்டி கார்டு (32 ஜிபி-க்குள், ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தது), 4 ஓம் 3 வாட் ஸ்பீக்கர், 3 மி.மீ. உருண்டைத் தலைப் பித்தளைத் திருகுகள் பத்து, அவற்றுக்கு நட்டும் வளைய டெர்மினலும், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் பன்னிரண்டு, 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர், 60 மி.மீ. பெரிய பட்டன் ஒன்று.

பலகை முழுக்கச் செப்பு டேப் ஒட்டி, தொட்ட இடமெல்லாம் பேசும்படி செய்வதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. அதைச் செய்யாதீர்கள். கை படத்தைப் படிப்பதே தொட்டுத்தான். தடவும்போதெல்லாம் குரல் குறுக்கே வந்தால், நாலாவது வினாடியிலேயே பார்வையாளர் கையை எடுத்துவிடுவார். அதற்காகத்தான் திருகு. அதன் உருண்டைத் தலை குளிர்ச்சியாகத் தனித்துத் தெரியும். 600 மில்லி வினாடிக்குள் இரண்டு தட்டு விழுந்தால்தான் பேச வேண்டும். பேசும்போது அதையே மறுபடி இரண்டு தட்டு தட்டினால் நிற்க வேண்டும். வேறொன்றைத் தட்டினால் பழையது நின்று புதியது தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு பொருளின் நடுவிலும் துளையிட்டுத் திருகை இறக்குங்கள். பின்புறம் வளைய டெர்மினலைச் சேர்த்து நட்டை முறுக்கி, ஒயரை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எம்பிஆர்121-இன் 0 முதல் 9 வரையுள்ள முனைகளுக்குக் கொண்டுபோங்கள். வறண்ட வானிலையில் நைலான் சேலையிலிருந்து பாயும் நிலைமின்சாரத்தை அந்த ரெசிஸ்டர் தணிக்கும். உணரியைப் பலகையின் நடுவில் பொருத்தினால் ஒயர்கள் 30 செ.மீ.-க்குள் அடங்கும். நீளமான ஒயர் தானே ஓர் உணரியாகிவிடும். ஒயர்களைக் கட்டாக முறுக்கிக் கட்டவும் கூடாது. ஒன்றைத் தொட்டால் பக்கத்து முனையும் விழித்துக்கொள்ளும்.

எம்பிஆர்121-க்கு 3.3 வோல்ட் மட்டும். அதன் எஸ்டிஏ முனை ஈஎஸ்பி32-இன் 21-ஆம் பின்னுக்கும் எஸ்சிஎல் முனை 22-க்கும் போகும். டிஎஃப்பிளேயருக்கு 5 வோல்ட். அதன் ஆர்எக்ஸ் முனைக்கு ஈஎஸ்பி32-இன் 17-ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஒயர், டிஎக்ஸ் முனையிலிருந்து 16-க்கு நேராக. ரெசிஸ்டரை விட்டுவிட்டால் ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல் கேட்கும். கெப்பாசிட்டரை டிஎஃப்பிளேயரின் 5 வோல்ட், கிரவுண்டு முனைகளுக்குக் குறுக்கே வையுங்கள். இல்லாவிட்டால் சத்தம் உயரும்போது மின்னழுத்தம் சரிந்து ஈஎஸ்பி32 மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் அதற்கான இரண்டு முனைகளுக்கு மட்டுமே. எதையும் கிரவுண்டில் சேர்க்கக்கூடாது.

கார்டில் எம்பி3 என்ற பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, கோப்புகளுக்கு 0001, 0002 என்று நான்கு இலக்கப் பெயர் கொடுங்கள். நிரலில் அந்த ஃபோல்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கட்டளையையே பயன்படுத்துங்கள். சாதாரண பிளே கட்டளை, கார்டில் எந்த வரிசையில் நகலெடுத்தீர்களோ அந்த வரிசையை எண்ணும். குடத்தைத் தட்டினால் லாரி பேசும். மேக் கணினியில் நகலெடுத்திருந்தால், கூடவே ஒட்டிவந்த மறைந்த கோப்புகளையும் அழித்துவிடுங்கள்.

பெரிய பட்டன் எதற்கு? செயற்கைக் கையை இந்த உணரி பெரும்பாலும் உணராது. துணி சுற்றிய முழங்கையையும் அப்படித்தான். விரலால் சட்சட்டென்று இரண்டு முறை தட்ட வராதவர்களும் உண்டு. அந்த ஒரு பட்டனை எதனால் அழுத்தினாலும் முழு விவரிப்பும் தொடர்ச்சியாக ஓடட்டும்.

தொடாமலே பேசுகிறதா? பெரும்பாலும் சார்ஜர்தான் காரணம். மலிவான இரண்டு பின் சார்ஜர்களின் மின்சார இரைச்சல் தொடு உணர்வைக் கலைக்கும். நல்ல சார்ஜராக மாற்றுங்கள். பவர் பேங்க் இரைச்சலில்லாதது. ஆனால் இந்தச் சாதனம் எடுக்கும் குறைந்த மின்சாரத்தைப் பார்த்து, எதுவும் இணைக்கவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் தானே அணைந்துவிடும். முந்தைய நாளே இரண்டு மணிநேரம் ஓட்டிப் பாருங்கள்.

குரல்

கணினிக் குரல் வேண்டாம். ஸ்கிரீன் ரீடரில் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) நாள் முழுக்க அதைத்தான் கேட்கிறார்கள். தெளிவாகப் பேசும் மனிதக் குரலில், மின்விசிறியை அணைத்து, துணி அடுக்கிய அறையில், வாயிலிருந்து 15–20 செ.மீ. தள்ளி ஃபோனை வைத்துப் பதியுங்கள். தொடக்கத்தில் அரை வினாடி மௌனம் விடுங்கள். டிஎஃப்பிளேயர் சில சமயம் முதல் அசையை விழுங்கிவிடும்.

பொது அறிமுகம் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்: பலகையின் அளவு, எது இடம், எது வலம், திருகு எப்படி இருக்கும், எப்படித் தட்டுவது. ஒவ்வொரு திருகுக்கும் 10 முதல் 15 வினாடி. கை படுவதை முதலில் சொல்லுங்கள், கைக்கு எட்டாததைப் பிறகு.

"நகர வாழ்வின் தண்ணீர்த் தவிப்பை ஓவியர் உருக்கமாகச் சித்திரிக்கிறார்" என்பது விவரிப்பு ஆகாது. கேட்பவர் தானே உணர வேண்டியதை அது தட்டிப் பறிக்கிறது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இது பெண்ணின் தோள். கவிழ்த்த குடத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். முகம் லாரியின் பக்கம் இல்லை, உங்கள் பக்கம். சேலை மஞ்சள். இடது ஓரத்தில் தொங்கும் குழாயும் அதே மஞ்சள்." நிறத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கும் மஞ்சள் என்றால் மங்கலம், மஞ்சள் என்றால் மாம்பழம். 'பாருங்கள்' என்ற சொல்லையும் தவிர்க்க வேண்டியதில்லை; அவர்களே அன்றாடம் சொல்வதுதான்.

பிரெய்ல்

பார்வையற்றோர் எல்லாரும் பிரெய்ல் படிப்பவர்கள் அல்லர், ஆகவே குறிப்பு சுருக்கமாக இருக்கட்டும்: தலைப்பு, ஓவியர், ஆண்டு, "திருகை இரண்டு முறை தட்டவும்". புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ., எழுத்துக்கு எழுத்து 6 மி.மீ., வரிக்கு வரி 10 மி.மீ., புள்ளியின் உயரம் அரை மி.மீ. அளவு.

தமிழ் பிரெய்லில் உயிர்மெய்யை மெய்யும் உயிருமாக வரிசையாக எழுதுவார்கள். மெய்யின் தலையில் வைக்கும் புள்ளிக்குரிய கட்டம் அந்த எழுத்துக்கு முன்னால் வரும். 'குடம்' என்பது க, உ, ட, புள்ளி, ம என்று ஐந்து கட்டம். 'கொடி'யில் கொம்பு முன்னால் வராது. க, ஒ, ட, இ. லிப்லூயி என்ற இலவச மென்பொருளில் தமிழ் அட்டவணை இருக்கிறது, அதில் மாற்றிக்கொள்ளலாம். மூல உரை யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதைக் கொடுத்தால் வருவது குப்பை. கையால் குத்தினால் பிரெய்ல் ஸ்லேட்டில் (புள்ளி குத்தும் சட்டம்) வலமிருந்து இடமாக, பிளாஸ்டிக் தாளில். ஒட்டியபின் மேலே வார்னிஷ் பூசாதீர்கள், புள்ளிகள் வழிந்து மழுங்கிவிடும். திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் பிரெய்ல் படிப்பவர் ஒருவர் வந்து அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். தலைகீழாக ஒட்டிய பிரெய்லைப் பார்வையுள்ள யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

மேசையும் அறையும்

பலகையை 20–30 பாகை சாய்த்து, முன் விளிம்பு தரையிலிருந்து 75–80 செ.மீ. இருக்கும்படி வையுங்கள். கீழே 70 செ.மீ. உயரத்துக்கும் 50 செ.மீ. ஆழத்துக்கும் வெற்றிடம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் உள்ளே போனால்தான் கை பலகையின் மேல் ஓரத்தை எட்டும். மேசைக்கு முன்னால் 150 செ.மீ. வட்டம் காலியாக இருந்தால் நாற்காலி திரும்பும். வாசலில் படி இருந்தால் 1-க்கு 12 சரிவில் சாய்தளம்: 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம்.

உட்கார இடம் போடுங்கள். அமெரிக்கக் கலைஞர் ஷானன் ஃபின்னகன் கண்காட்சிக் கூடங்களுக்காக நீல பெஞ்சுகள் செய்திருக்கிறார். இந்தக் கண்காட்சி என்னை அதிக நேரம் நிற்கவைத்துவிட்டது, ஒப்புக்கொண்டால் உட்காருங்கள் என்ற பொருளில் ஒரு பெஞ்சில் எழுதியிருப்பார். ஒரு பலகையை முழுதாகக் கையால் படிக்கப் பத்து நிமிடமாவது ஆகும். நின்றுகொண்டே அதைச் செய்யச் சொல்லக்கூடாது.

காதுகேளாதவருக்குக் குரலின் முழு எழுத்து வடிவம் 18 புள்ளி அளவில் பக்கத்திலேயே இருக்கட்டும். சைகை மொழிக் காணொளி எடுத்தால், அதைத் தாய்மொழியாகக் கொண்ட காதுகேளாதவரே பேசட்டும். பதிவில் தண்ணீர் கொட்டும் ஓசையைச் சேர்த்திருந்தால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். வெறுமனே 'தண்ணீர் ஓசை' என்று போடாமல், காலிக் குடத்தில் விழுவதா நிறைந்த குடத்தில் விழுவதா என்று எழுதுங்கள். காதுகேளாத கலைஞர் கிறிஸ்டின் சன் கிம், ஒலியைக் குறிக்கும் வசன வரிகளையே கலைப்பொருளாக்கியிருக்கிறார். அவற்றைப் படித்தால் அந்த வரிகளில் எவ்வளவு சொல்லலாம் என்று புரியும்.

தினமும்

மின்சாரத்தைப் போடும்போது யார் கையும் திருகில் இருக்கக்கூடாது. உணரி அந்த நொடியில் உள்ள நிலையைத்தான் 'தொடாத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். கை இருந்தால் அந்தத் திருகு ஊமையாகிவிடும். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வரும்போதும் இதே சிக்கல் வரும். ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும். காவலருக்கு இதை எழுதிக் கொடுங்கள்.

வருகிறவர்கள் கை கழுவட்டும். சானிட்டைசர் வைத்தால் கை காய்ந்தபின் தொடச் சொல்லுங்கள்; ஈரத்தோடு தொட்டால் வார்னிஷ் பிசுபிசுக்கும். மாலையில் லேசாக ஈரமான துணியால் துடையுங்கள். பித்தளைத் தலை கறுத்தால் புளியால் தேய்த்து, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். ஐந்து குடங்களில் முதலில் பெயரும் வண்ணம் பெண்ணுக்கு மிக அருகில் உள்ளதாகத்தான் இருக்கும். எல்லாக் கையும் அங்கேதான் அதிக நேரம் நிற்கும். அந்த வண்ணத்தில் ஒரு சின்ன டப்பியை மேசைக்கடியில் வைத்திருங்கள்.

கண்காட்சி முடிந்ததும் பலகையை முகம் மேலே இருக்கும்படி பெட்டியில் வையுங்கள். கார்டின் நகல் ஒன்றை உறையில் போட்டு, உறையின்மேல் பிரெய்லிலும் எழுத்திலும் ஓவியத்தின் பெயரை எழுதிப் பலகையின் பின்புறம் ஒட்டுங்கள். ஒயர் எந்தத் திருகிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்ற வரைபடத்தையும் அதே உறைக்குள் வையுங்கள்.